‘மெதுவா எழுந்திருங்க’ என்று சொல்லாதீர்கள்

பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வந்த ஒருவரைச் சுற்றி வீட்டில் இரண்டு அறிவுரைகள் ஓயாமல் கேட்கும். ஒன்று, ‘தினமும் வாக்கிங் போங்க.’ இன்னொன்று, ‘மெதுவா, பார்த்து, அவசரப்படாதீங்க.’ இரண்டும் அக்கறையில் வருபவை. முதலாவது நல்ல அறிவுரையும்கூட. ஆனால் இந்த இரண்டை மட்டுமே பிடித்துக்கொண்டு சில வருடங்களைக் கடந்தவரைக் கவனியுங்கள். பூங்காவில் அரை மணி நேரம் நடந்துவிடுவார். வீட்டுக்கு வந்து தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது. யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். படியில் காலைத் தூக்கி வைப்பார், உடம்பு மேலே வராது. இவ்வளவு தூரம் நடக்கிறவருக்கு எழுந்திருக்க ஏன் வரவில்லை என்று குடும்பத்தார் குழம்புவார்கள். சமதரையில் நடக்கக் காலின் முழு வலுவில் ஒரு சிறு பங்கு போதும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ அந்த வலுவின் பெரும்பங்கு வேண்டும். அதுவும் ஒரு வினாடிக்குள் வேண்டும். நடையால் அந்த வலுவும் வராது, அந்த வேகமும் வராது.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது, நடுக்கத்தோடு சேர்த்துத் தசை வலு குறைவதையும் முதல் வரையறையிலேயே எழுதிவிட்டார். பின்னால் நடுக்கம், விறைப்பு, அசைவு மந்தம் ஆகிய மூன்றும் பேசப்பட்ட அளவுக்கு வலுவிழப்பு பேசப்படவில்லை. இன்றைக்கும் மருந்துச் சீட்டில் ‘உடற்பயிற்சி’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் என்று இருக்காது. மாத்திரையை ‘ஏதாவது ஒன்று, முடிந்தபோது’ என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பயிற்சிக்கும் அளவு உண்டு.

முதலில் இந்தப் பலவீனம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வேகமாக முழங்கையை மடக்கச் சொன்னால், ஆரோக்கியமான ஒருவரின் தசைக்கு மூளையிலிருந்து போதிய அளவுள்ள ஒரு பெரிய கட்டளை போகும். கை ஒரே வீச்சில் இலக்கை எட்டும். பார்க்கின்சனில் அந்த முதல் கட்டளையே சின்னதாகிவிடுகிறது. 1980-இல் ஹாலட், கோஷ்பின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தசை மின்பதிவில் இதைக் காட்டினார்கள். ஒரு வீச்சில் முடிய வேண்டிய அசைவு, பல சிறிய உந்தல்களாகத் தவணை தவணையாகப் போய்ச் சேர்கிறது. தசை கெடவில்லை, அதை முழுதாக எழுப்பும் கட்டளைதான் போதவில்லை. இது நோயால் நேரடியாக வரும் பலவீனம். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை இதை ஓரளவு சரிசெய்யும். இதன் மேல் இரண்டாவது பலவீனம் ஒன்று வந்து ஏறுகிறது. அசைவு கஷ்டமாக இருப்பதால் அசைவது குறைகிறது. அசைவது குறைவதால் தசை சுருங்குகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. எடை தூக்கித்தான் ஆக வேண்டும்.

வலுவும் பவரும் ஒன்றல்ல என்பது இங்கேதான் முக்கியமாகிறது. எவ்வளவு பாரத்தைத் தள்ள முடிகிறது என்பது வலு. அதை எவ்வளவு வேகமாகத் தள்ள முடிகிறது என்பது பவர். விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வயது ஏறும்போது யாருக்குமே வலுவைவிடப் பவர் சீக்கிரம் குறைகிறது. பார்க்கின்சன் உள்ளவருக்கு விசை, வேகம் இரண்டுமே குறைவதால் பெருக்கி வரும் விடை இன்னும் மோசமாகச் சரிகிறது. கால் தடுக்கினால் அடுத்த காலை முன்னே வைத்து உடம்பைத் தாங்கக் கிடைக்கும் அவகாசம் அரை வினாடிகூட இல்லை. ஒரு தசை தன் முழு விசையை எட்டவே 0.3 வினாடிக்கு மேல் ஆகும். ஆகவே விழாமல் தப்பிப்பதற்குக் காலில் மொத்தம் எத்தனை கிலோ வலு இருக்கிறது என்பது மட்டும் போதாது. முதல் நொடித் துணுக்கில் எவ்வளவு கிளம்புகிறது என்பதும் வேண்டும். சிட்னியில் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் காட்டியதும் இதையே: பார்க்கின்சன் உள்ளவர்களில் கால் பவர் குறைந்தவர்கள் மெதுவாக நடந்தார்கள், அதிகம் விழுந்தார்கள்.

அப்படியென்றால் நோய் எதைப் பறிக்கிறதோ அதைத்தான் பயிற்சியில் கேட்க வேண்டும். ‘மெதுவா, மெதுவா’ என்று நாள் முழுக்கச் சொல்வது நோயின் பக்கம் நின்று பேசுவது. எல்லா நேரமும் வேகம் கூடாது என்பதும் உண்மைதான். திரும்பும்போது, கூட்டத்தில், ஈரத் தரையில், கையில் பாத்திரத்தோடு நடக்கும்போது நிதானம் வேண்டும். வேகத்துக்கென்று பாதுகாப்பான ஓர் இடமும் நேரமும் ஒதுக்கி, அங்கே அதை முழுமனதோடு பழக வேண்டும்.

நாற்காலி ஒன்று போதும்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால், உட்கார்ந்து எழுவதைத்தான் செய்யச் சொல்வேன். தொடையின் முன்தசை, பிட்டத் தசை, முதுகு, சமநிலை எல்லாம் இதில் வந்துவிடும். கழிவறை, கட்டில், பேருந்து இருக்கை என்று நாளுக்குப் பலமுறை தேவைப்படும் அசைவும் இதுதான்.

நாற்காலி மரத்தாலோ இரும்பாலோ ஆனதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், கால்கள் வளையும். சக்கரம் கூடாது. பின்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். இருக்கையின் உயரம் முழங்கால் மடிப்பு உயரம். பெரும்பாலானோருக்கு 16 முதல் 18 அங்குலம். அதிலிருந்து எழ முடியாவிட்டால் ஜமுக்காளத்தைக் கெட்டியாக மடித்துப் போட்டு இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் வேண்டாம், அது விசையை உறிஞ்சிவிடும். காலில் சாக்ஸோ ஹவாய் செருப்போ இல்லாமல், உலர்ந்த தரையில் வெறுங்காலோடு செய்யலாம். பிடிப்புள்ள ஷூவும் சரி.

இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வையுங்கள். குதிகால், முழங்காலுக்கு நேர்கீழே இருப்பதைவிட நான்கு அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இந்த நான்கு அங்குலத்தில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். பாதம் முன்னே நீண்டிருந்தால் எவ்வளவு வலு இருந்தாலும் உடம்பின் எடை பாதத்தின் மேல் வராது. பாதி எழுந்து பின்னால் விழுவார்கள். அடுத்தது குனிவது. பார்க்கின்சன் உள்ளவர் தாம் போதிய அளவு குனிந்துவிட்டதாக நினைப்பார். பார்க்கிறவருக்குத் தெரியும், அது பாதிக் குனிவுதான். மூக்கு கால்விரல்களைத் தாண்டும்வரை முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிய வேண்டும். பிறகு வாய்விட்டு ‘ஒண்ணு, ரெண்டு, எழு’ என்று சொல்லி, ‘எழு’ என்ற அந்த நொடியில் தரையைக் காலால் உதைப்பதுபோல எழுங்கள். முழுதாக நிமிருங்கள், பிட்டத்தை இறுக்குங்கள், எதிர்ச்சுவரில் கண் உயரத்தில் ஒட்டிவைத்த காகிதத்தைப் பாருங்கள். இறங்கும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். ஏறும்போது வேகம், இறங்கும்போது கட்டுப்பாடு: மற்ற எல்லாப் பயிற்சிகளுக்கும் இதே விதிதான்.

வாய்விட்டு எண்ணச் சொல்வதற்கு மூன்று காரணங்கள். உள்ளிருந்து தானாகக் கிளம்பாத அசைவை வெளியிலிருந்து வரும் ஒலி கிளப்பிவிடும். எண்ணுகிறவர் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். மூன்றாவதாக, இந்த நோயில் குரலும் சன்னமாகிறது. உரக்க எண்ணுவது அதற்கும் பயிற்சி.

இன்னொரு சிக்கல், எண்ணிக்கை கூடக் கூட அசைவு சிறுத்துக்கொண்டே போவது. இந்த நோயில் கையெழுத்து வரியின் கடைசியில் பொடியாவதுபோலவே, எட்டாவது முறை எழும்போது முழுதாக நிமிராமலே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எட்டையும் ஒரே மூச்சில் செய்யாமல் நான்கு செய்து, 15 வினாடி நின்று, மீண்டும் நான்கு செய்யுங்கள். இது ஒரு செட். இடையே இரண்டு நிமிடம் ஓய்வு, மூன்று செட். வேகம் குறைவதோ நிமிர்வது குறைவதோ தெரிந்தால் எண்ணிக்கை மீதமிருந்தாலும் அந்த செட் முடிந்தது. களைத்தபின் செய்யும் மெதுவான அசைவு பவரை வளர்க்காது.

நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். அந்தப் பக்கக் கால் பின்தங்கும். இரண்டு காலால் எழும்போது நல்ல கால் வேலையை வாங்கிக்கொண்டு மற்றதை மறைத்துவிடும். ஒரு செட்டிலாவது பலவீனமான பாதத்தை மற்றதைவிட இரண்டு அங்குலம் பின்னே வையுங்கள். பின்னே இருக்கும் கால் அதிக எடையை வாங்கும்.

வேகம் வராவிட்டாலும் வேகமாக

‘வேகமா எழுங்க என்று சொன்னாலும் அவரால் மெதுவாகத்தான் எழ முடிகிறது, பிறகு இதில் என்ன பயன்’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இடத்தில்தான் பலர் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். 1993-இல் டேவிட் பெம், டிக்பி சேல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு வெளிச்சம் தருகிறது. நோயில்லாத இளைஞர்கள் ஒரு காலை வேகமாக அசைத்துப் பயிற்சி செய்தார்கள். மறுகால் அசையவே முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது, ஆனால் அதையும் அதே வேகத்தில் அசைக்க முயல வேண்டும். 16 வாரம் கழித்து இரண்டு கால்களுமே வேகமான அசைவில் ஒரே மாதிரி முன்னேறியிருந்தன. அசைந்த வேகத்தைவிட, அசைக்க முயன்ற வேகம்தான் நரம்பைப் பழக்கியது. அது பார்க்கின்சன் உள்ளவர்களிடம் செய்த சோதனை அல்ல. ஆனால் கட்டளை சிறுத்துப்போவதே மூலப் பிரச்சினையாக உள்ள ஒரு நோயில், பெரிய கட்டளையை அனுப்பிப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. அவர் எழ இரண்டு வினாடி ஆகட்டும். ஒரு வினாடியில் எழுந்துவிடும் எண்ணத்தோடு உதைத்தாரா என்பதே கேள்வி. பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டியதும் அதைத்தான். ‘சும்மா எழுந்து காட்டுங்க’ என்பதற்கும் ‘ஒரே உதை, எழு!’ என்பதற்கும் கால் தரும் பதில் வேறு.

பார்க்கின்சன் உள்ளவர்களிடமே செய்த ஆய்வுகளும் உண்டு. சிட்னியிலும் மயாமியிலும் வாரம் இரண்டு முறை, சுமார் மூன்று மாதம் பவர் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் பவர் கூடியது. சிகாகோவில் 48 பேரை வைத்து இரண்டு வருடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அது பவர் பயிற்சி அல்ல, எடையைப் படிப்படியாக ஏற்றும் வலுப் பயிற்சி. ஒரு குழு அதைச் செய்தது. இன்னொரு குழு நீட்சி, சமநிலை, லேசான பயிற்சிகளைச் செய்தது. ஆறு மாதத்தில் இரண்டு குழுக்களும் ஒரே அளவு முன்னேறின. அங்கேயே நிறுத்தியிருந்தால் ‘எதைச் செய்தாலும் ஒன்றுதான்’ என்று முடிவாகியிருக்கும். இரண்டு வருட முடிவில் லேசான பயிற்சிக் குழு தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட்டது. எடை ஏற்றிய குழு முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தது. மருந்து நிறுத்திவைத்து எடுத்த அசைவு மதிப்பீட்டில் இரண்டுக்கும் 7.3 புள்ளி வித்தியாசம். நோயே நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை; மருந்தைக் குறைக்கலாம் என்றும் பொருள் இல்லை. ஆனால் எடை ஏறாத பயிற்சி ஆறு மாதத்துக்குப் பிறகு நம்மை ஏமாற்றிவிடும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே அரைக் கிலோ டம்பெலை வருடக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடை, நாள், நேரம்

அமெரிக்காவின் பார்க்கின்சன்ஸ் ஃபவுண்டேஷனும் அந்நாட்டு விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் 2021-இல் சேர்ந்து தந்த பரிந்துரை: வாரம் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாளாக இல்லாமல், ஒரு தடவைக்கு 30 நிமிடமாவது, பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 முறை. நடைப்பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் இதற்கு மேல் தனியாக. புதிதாகத் தொடங்குபவர் முதல் நான்கு வாரம் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அசைவைச் சரியாகக் கற்று, மூட்டும் தசைநாணும் பழகட்டும். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் உடம்பு புதிதாக இருக்கும்போதே பவர் பயிற்சியை முதலில் முடித்து, வலுப் பயிற்சியைப் பின்னால் வைக்கலாம்.

இரண்டுக்கும் எடை வேறு. வலுவுக்கு, 12 முறை தூக்கியதும் ‘இன்னும் இரண்டுதான் முடியும்’ என்று தோன்றும் எடை. பவருக்கு அதைவிடக் குறைவு: நிதானமாகத் தூக்கினால் 20 முறைக்கு மேல் முடிகிற எடையை எடுத்து, ஆறிலிருந்து எட்டு முறை மட்டும், ஒவ்வொன்றும் முழு வேகத்தில். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாள்களில் 12 முறை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். கைக்கு அரைக் கிலோ, காலுக்கு ஒரு கிலோ. ஜிம் இல்லாதவருக்கு ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களும் ஒரு தோள்பையும் போதும். பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து எழுங்கள். முன்னால் இருக்கும் பாரம் குனியவும் உதவும். முதுகில் இருந்தால் பின்னுக்கு இழுக்கும்.

நாற்காலிக்கு அடுத்து நான்கு பயிற்சிகளைச் சேர்ப்பேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைச் சட்டென உயர்த்தி மெல்ல இறக்குவது. நடையில் உடம்பை முன்னே உந்துவது கெண்டைக்கால்தான். நான்கைந்து அங்குலப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி, பாதம் முழுவதையும் வைத்து விசையாக ஏறுவது. பாதி பாதத்தை மட்டும் வைப்பதுதான் இதில் வழக்கமான தவறு. சுவரில் கை ஊன்றி நெஞ்சைத் தள்ளுவது. இந்தப் பட்டியலில் நான் விடவே மாட்டாதது நான்காவது, ரப்பர் பட்டையைப் பின்னால் இழுப்பது. கூன் விழவைக்கும் இந்த நோயில் முதுகுத் தசைக்கு இது வேண்டும். பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், கதவுக் கைப்பிடியில் வேண்டாம், கதவு திறந்துகொள்ளும். தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கும்வரை வேகமாக இழுத்து, திரும்பும்போது பட்டை உங்களை இழுக்க விடாமல் மெதுவாக விடுங்கள். நிலை தடுமாறுபவர் இதை உட்கார்ந்தே செய்யட்டும்.

நேரம் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அதிகாலை ஐந்தரைக்கு, முதல் மாத்திரைக்கு முன்பே, வெறும் வயிற்றில் பயிற்சி என்பது நம் ஊரில் ஒழுக்கத்தின் அடையாளமாகிவிட்டது. பார்க்கின்சன் உள்ள பலருக்கு நாளிலேயே மோசமான நேரம் அதுதான். முந்தைய இரவு மருந்து தீர்ந்து, உடம்பு விறைத்து, கட்டளை மிகச் சிறுத்திருக்கும். மாத்திரை போட்டு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து, அது வேலை செய்யும்போது செய்யுங்கள். வெயில் ஏறிவிடும் என்றால் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் செய்யலாம். பயிற்சிக்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது நல்லது. இந்த நோயில் எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சரிவது சகஜம். படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒருமுறை, எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மீண்டும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். அப்படிக் குறைகிறவர்கள் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும்போது நிதானம் வேண்டும். அங்கே ‘மெதுவா’ என்பது சரியான சொல். இதய நோய், முதுகெலும்பில் எலும்புத் தேய்வு முறிவு, மூளையில் மின்தூண்டல் கருவி பொருத்திய அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எடை தொடங்குமுன் அனுமதி கேட்பது கட்டாயம்.

சாப்பாடும் இதில் சேரும். எடை தூக்கிவிட்டுப் புரதம் இல்லாமல் இருந்தால் தசை ஏறாது; வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை ஒரு நாளைக்குத் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். மூன்று வேளையும் இட்லி, தோசை, ரசம் சாதம் என்றால் அது வராது. ஆனால் புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழிக்குப் போட்டியிடுகின்றன. முட்டையும் சுண்டலும் மாத்திரையோடு சேர்ந்து போனால் மருந்து தோற்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னதாகப் போட்டு, பயிற்சி முடித்து, அதன் பிறகு புரதம் என்று வரிசைப்படுத்தினால் இரண்டுமே வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது.

பயிற்சியின்போது நடுக்கம் கூடும். முயற்சி கூடினால் நடுக்கம் கூடுவது இயல்பு. ஓய்வில் அடங்கும், பயந்து நிறுத்த வேண்டாம். மறுநாள் தசை வலிப்பதும் சரி. மூட்டுக்குள் வலி, நெஞ்சு அழுத்தம், கண் இருட்டுவது ஆகியவை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. அப்பா எழுமுன் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டுவதும், அம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதும் அன்புதான். ஆனால் ஒரு நாளில் அவர்கள் எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு பயிற்சி. தூக்கிவிடும் ஒவ்வொரு தடவையும் அது பறிபோகிறது. கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு பின்னால் சாய்ந்துகொள்ளும், எழுவது இன்னும் கடினமாகும், தோள்மூட்டும் கெடும். பலவீனமான பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். ஒரு கை அவர் இடுப்புக்கு அருகில் தொடாமல் இருக்கட்டும். ‘பாதம் உள்ளே, மூக்கு முன்னே, எழு’ என்று சொல்லிவிட்டுப் பத்து வினாடி பொறுங்கள். அந்தப் பத்து வினாடி பொறுப்பது கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் பொறுங்கள்.

மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். அதே நாற்காலி, மாத்திரை போட்டு அதே இடைவெளி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை வேகமாக உட்கார்ந்து எழ எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பாருங்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு 16 வினாடிக்கு மேல் போனால் விழும் அபாயம் கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு அதையும் காட்டுங்கள். காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் பழைய எடையிலேயே தொடங்காமல் மூன்றில் ஒரு பங்கு குறைத்து ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் திரும்ப ஏறுங்கள். வேகத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கேட்கலாம்.